எந்த மூலம்?

ஊர்காவற்றுறையில் அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற நாளில், பங்குச் சுவாமி மற்ற எல்லோரையும் முதலில் முடித்து அனுப்பிவிடுவாராம். அவருடைய முறை கடைசியில்தான். காரணம் இருந்தது. அவர் முழந்தாளிட்டுச் சுவாமியின் காதுக்குள் சொல்கிற பாவம், வாசலில் செருப்புக் கழற்றுகிற ஆளுக்கும் கேட்கும். ஒருமுறை சுவாமி பொறுக்கமுடியாமல், கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். "மெதுவாத்தானே சுவாமி சொல்லுறன்" என்று இவர் சொன்னது, ரோட்டில் கச்சான்கடலை விற்றுக்கொண்டிருந்தவருக்குக் கேட்டிருக்கிறது. கச்சான்காரர் சொல்லித்தான் எங்களுக்கும் தெரியும்.

நாங்கள் அவரை அன்ரி என்போம். அவருக்குப் பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதிவிட்டால் எங்கிருந்தாவது கேள்விப்பட்டு ஒரு சத்தம் போடுவார் என்ற பயத்தில் விடுகிறேன்.

கடற்கரையில் நின்று, இன்னும் கரைக்கு வராத வள்ளத்தில் இருக்கும் தகப்பனிடம் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த குரல் அது என்று அவரே சொல்வார். வள்ளம் மண்ணில் முட்டுமுன் வியாபாரம் பேசி முடித்துவிடவேண்டும் அவருக்கு. கலியாணமும் கடலுக்குப் போகிற ஒருவரைத்தான் முடித்தார். அந்த மனிதர் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் இன்னொருவர் பேசவேண்டிய தேவை வரவில்லை. அவர் கடலுக்குப் போக, இவர் கரையில் ஓட்டோ ஓடினார்.

எங்கள் ஊர் சரவணையிலிருந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்கிறது. ஆனால் பஸ் வருகிற நேரத்துக்கு நாங்கள் வருத்தம் பிடிக்கவேண்டும். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அன்ரியைத்தான் கூப்பிடுவார்கள். அன்ரியும் எந்தச் சாமத்தில் கூப்பிட்டாலும் வருவார். வந்தால் ஒரேயொரு தொல்லை. என்ன வருத்தமென்று கேட்பார். கேட்டு, நீங்கள் சொல்லி, அது அவருக்கு விளங்கிவிட்டால், உங்களை மாதிரியே தானும் கவலைப்படத் தொடங்குவார். அவர் கவலைப்படுவது ஊருக்கெல்லாம் கேட்கும்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரை ஏற்றிப் போன கதையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதிபர் சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி ஏறியிருக்கிறார். சும்மாவுக்கு ஒருவரும் இந்த வெயிலுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள் என்று அன்ரி குடைந்து குடைந்து கேட்டதில், பாதி வழியில் அவர் குரலைத் தணித்து மூலம் என்றார். அன்ரிக்கு மனம் இளகிவிட்டது. கடைத்தெருவில் ஓட்டோவை ஓரங்கட்டி, எதிர்ப்பக்கக் கடைக்காரரிடம், "தம்பி, எங்கடை அதிபருக்கு மூலமாம். நல்ல இளநியாப் பாத்து வெட்டும்" என்று கேட்டிருக்கிறார். அதிபர் அந்த ஓட்டோவில் பிறகு கொஞ்சக் காலம் ஏறவில்லை. ஆனால் அதற்குள் அவரைத் தேடி, இளந்தாரி முதல் கிழவர் வரைக்கும் பலர் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். வந்து, ஊர்ப்புதினம் கதைத்து, தேத்தண்ணி குடித்து, போகும்போது வாசல் படலையடியில் நின்று, "சேர், அதுக்கு என்ன மருந்து எடுத்தனீங்கள்?" என்று கேட்பார்களாம். தன்னிடம் படிக்க வந்ததைவிட இதற்கு வந்த சனம் கூட என்று அதிபர் என் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு அவர் மறுபடி அன்ரியின் ஓட்டோவிலேயே போய்வந்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்களிடம் இடுப்புக்கு மேலே வருகிற வருத்தங்களுக்கு நல்ல மரியாதை. சீனி எவ்வளவு, பிறஷர் எவ்வளவு என்று கலியாண வீட்டுப் பந்தியிலேயே ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். இருதயத்தில் ஒப்பரேஷன் செய்தவர் சட்டையைத் திறந்து தையலைக் காட்டுவார். இடுப்புக்குக் கீழே மட்டும் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. அந்த இடத்துக்குப் பெயர்கூட இல்லை. 'அந்த இடம்', 'இருக்கிற இடம்', 'பின்னுக்கு' என்று ஏதாவது சொல்லிவிட்டு முகட்டைப் பார்ப்போம். அங்கே எது வந்தாலும் பெயர் மூலம்தான். கடித்தால் மூலம், வீங்கினால் மூலம், இரத்தம் போனால் மூலம், நொந்தாலும் மூலம். மருந்தும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: கரணைக்கிழங்கு அவித்துத் தின்பது, நல்லெண்ணெய் வைத்து முழுகுவது, ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பது. கடைசி மருந்தை யாரும் தவறவிட்டதில்லை.

எனக்கு அது வந்தது, கலியாணம் பேசி முடித்த பிறகு.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை. விடிய பஸ் பிடிக்கிற அவசரத்தில் வயிறு கூப்பிட்டாலும் பிறகு பார்க்கலாம் என்று ஓடிவிடுவேன். கந்தோர்க் கக்கூசின் கதவுக்குக் கொண்டி இல்லை. ஆகவே அங்கே தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக் கிணறு உவர். பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரைக் கோயில் தீர்த்தம்போலக் குடித்துப் பழகிவிட்டோம். ஒருநாள் விடிய, கண்ணாடித் துண்டு ஒன்று வெளியே வருவதுபோல இருந்தது. இரத்தமும் கொஞ்சம் பட்டது. பஸ்ஸில் இருக்க முடியவில்லை, கந்தோரில் இருக்க முடியவில்லை, மத்தியானம் வரைக்கும் எரிந்தது. அடுத்த நாள் பயத்தில் போகாமல் அடக்கினேன். அடக்கியது இறுகி, அதற்கடுத்த நாள் முன்னையதைவிட மோசமாகக் கிழித்தது. பயந்து அடக்குவதும், அடக்கியதால் நோவதுமாக நாட்கள் போயின.

மாப்பிள்ளைக்கு ஊர் சுருவில். சாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் போய்வந்து, தாலிக்கான பொன்னுருக்கலுக்கு நாளும் வைத்தாயிற்று. பின்னேரங்களில் அவர் போன் எடுப்பார். ஒரு பகிடியைத் தொடங்கி, முடிக்குமுன் தானே சிரித்துவிடுவார். பகிடி என்னவென்று எனக்குத் தெரியாமலே நானும் சிரிப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. மிச்சமெல்லாம் நடந்தால் நடக்கட்டும், இந்த மனிதரைக் கைவிட ஏலாது என்ற அளவுக்குப் பிடித்திருந்தது. அவர் சிரிக்கச் சிரிக்க, நான் ஒரு காலில் நின்றபடி, மணவறையில் எப்படிச் சம்மணம் கொட்டி இருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிக்குமுன்னே அவர் மூலம் என்று தீர்ப்பு வழங்கி, கரணைக்கிழங்குக்கு ஆள் அனுப்பிவிட்டார். அடுத்த நாள் பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு, வவுனியாவில் இருக்கும் என் சித்திக்கு போன் எடுத்தார்.

"ஓமடி, பிள்ளைக்கு மூலம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. கலியாணம் முடியுமட்டும் வெளியிலை தெரியக்கூடாது. மாப்பிளை பகுதி அறிஞ்சால் எல்லாம் குழம்பிப்போகும்."

அம்மா குரலைத் தணித்துத்தான் பேசினார். பஸ்ஸில் தணித்துப் பேசுகிற குரலுக்குத்தானே எல்லோரும் காது கொடுப்பார்கள். பின் சீற்றில் இருந்தவர், மாப்பிள்ளையின் தகப்பனுடைய தங்கச்சி. அந்த மனுஷிக்கு மூலம் என்றதும் வருத்தம் நினைவுக்கு வரவில்லை. நட்சத்திரம்தான் வந்தது. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் புகுந்த வீட்டு மாமனாரின் உயிருக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் இருக்கிறார்கள். என்னுடைய நட்சத்திரம் உத்தரம். சாதகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு தாய், கலியாணம் முடியும்வரைக்கும் வெளியில் தெரியக்கூடாது என்று சொன்னதைக் காதால் கேட்ட பிறகு சாதகத்தை யார் நம்புவார்கள்? கள்ளச் சாதகம் என்று முடிவுகட்டி, அவர் அடுத்த பஸ்ஸில் தமையன் வீட்டுக்குப் போனார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது, பின்னேரம் வருகிற போன் நின்றுபோனது மட்டும்தான்.

நோ தாங்கமுடியாத ஒரு நாளில், அம்மாவுக்குச் சொல்லாமல் அன்ரியைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வராமல், ரோட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை முடக்கில் நிற்கும்படி கெஞ்சிக் கேட்டிருந்தேன். ஓட்டோ நேரே வந்து எங்கள் படலையில் நின்றது. "பிள்ளை, முடக்கிலை நிக்கச் சொன்னனீர். அங்கை சரியான வெயில்" என்ற குரல் வந்தது. அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். நான் ஓடிப்போய் ஏறினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு.

வழியில் அன்ரி என்ன வருத்தம் என்று கேட்டார். பின்னுக்கு நோகுது என்றேன். எந்தப் பின்னுக்கு என்றார். இருக்கிற இடத்தில் என்றேன். அவர் ஓட்டோவை நிற்பாட்டி, எஞ்சினையும் நிற்பாட்டி, திரும்பி என்னைப் பார்த்தார்.

"குண்டியிலை எண்டு சொல்லும் பிள்ளை. உம்மடை சொந்தக் குண்டிதானே."

வயலில் புல் மேய்ந்துகொண்டிருந்த மாடுகூடத் தலையை நிமிர்த்தியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிரித்தால் நொந்தது. ஆனாலும் பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

டொக்டர் இளம் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். ஒரு பக்கமாகச் சரிந்து படுக்கச் சொல்லி, துணியால் மூடி, லைட்டைப் பிடித்து மெதுவாகப் பார்த்தார். நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பார்த்துவிட்டு, இது மூலமில்லை, குதத்தில் வந்த வெடிப்பு என்றார். குதம் என்ற சொல்லை விஞ்ஞானப் புத்தகத்துக்கு வெளியே அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். கைவிரல், கால்விரல் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக அவர் அதைச் சொன்னார்.

மலம் இறுகிப் போகும்போது வாசலில் உள்ள மெல்லிய தோல் கிழிந்துவிடுகிறது. கிழிந்த நோவில் அங்கேயுள்ள தசை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் போய் வந்த பிறகும் மணிக்கணக்கில் எரிகிறது என்று விளங்கப்படுத்தினார். மூலம் வேறு. அது உள்ளேயும் வெளியேயும் இரத்தக்குழாய்கள் வீங்குவது. அனேகமாக நோவில்லாமல் இரத்தம் மட்டும் போகும். வெளியில் தள்ளிய வீக்கத்தில் இரத்தம் உறைந்தால்தான் கடுமையாக நோகும். இன்னொன்றும் இருக்கிறது, சீழ்க்கட்டி. அது போகும்போது மட்டுமில்லாமல் எந்த நேரமும் விண்விண் என்று இடிக்கும், வீங்கும், காய்ச்சலும் வரும், அதைப் பூச்சு மருந்தால் மாற்ற ஏலாது, வெட்டிச் சீழை வெளியேற்றவேண்டும், சீனி வருத்தக்காரர் ஒருநாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்றார். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார்களே என்று அவருக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது. இரத்தம் போனால் எதுவென்று தாங்களே முடிவுசெய்யாமல் வந்து காட்டவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்.

எனக்குத் தந்த வைத்தியம், நான் நினைத்ததைவிட இலகுவானது. நிறையத் தண்ணீர், கீரை, பழம், தவிட்டரிசி. மலத்தை இளக்க ஒரு பாணி மருந்து, பூச ஒரு களிம்பு. போய் வந்த பிறகு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு அதற்குள் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். வயிறு கூப்பிடும்போது போய்விடவேண்டும், முக்கக்கூடாது. பெரும்பாலும் சில கிழமைகளில் மாறிவிடும், மாறாவிட்டால் தசையைத் தளர்த்துகிற வேறு களிம்பு இருக்கிறது, அதற்கும் சரிவராவிட்டால் சின்னதாக ஒரு ஒப்பரேஷன், பயப்படவேண்டாம் என்றார்.

திரைக்கு வெளியே நின்ற அன்ரிக்குப் பொறுமை இல்லை. "அப்ப மூலமில்லையோ டொக்டர்?" என்று கேட்டார். இல்லை என்றார் டொக்டர். "மூலமில்லையாம்" என்று அன்ரி திரும்பிச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வாங்குகளில் காத்திருந்த சனம் முழுவதும் எனக்காகச் சந்தோஷப்பட்டது. நான் மருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வலைகாரப் பெரியவர் ஒருவர் எழும்பி வந்து, அந்த பேசின் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று அன்ரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அன்ரி இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார்.

இப்போது அன்ரி நோர்வேயில், மகளுடன். மாடி வீடு. போன புதிதில் ஒருநாள் கீழ்வீட்டு வெள்ளைக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டி, ஏதும் உதவி தேவையா என்று கேட்டாராம். அன்ரி அப்போது பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியபடி செபம் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த மனிதருக்கு இப்போது கொஞ்சம் தமிழ் தெரியும் என்று மகள் சொன்னார். அன்ரி போனபிறகு எங்கள் ரோட்டில் வேறு ஓட்டோக்கள் ஓடுகின்றன. அவற்றில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை.

அன்ரி இங்கே இருந்த அந்த நாட்களில், எனக்கு மருந்து தொடங்கி நோ குறைந்துகொண்டு வந்த ஒரு சனிக்கிழமை காலை, மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தது அன்ரியின் ஓட்டோவில்தான். அன்ரி படலையடியில் நிற்க, அவர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். தகப்பன் கதிரையின் நுனியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தார். முகம் வாடியிருந்தது. கோபமாக்கும் என்று நினைத்தோம். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

தாய்தான் தொடங்கினார். தாங்கள் சண்டை பிடிக்க வரவில்லை என்றும், ஆனால் மூலத்தைத் தங்களுக்கு மறைத்தது சரியில்லை என்றும் சொன்னார். அம்மா தேத்தண்ணித் தட்டை அப்படியே மேசையில் வைத்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அம்மா நினைத்தார். மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது என்று அழத் தொடங்கினார். கலியாணம் பேசும்போது இருக்கவில்லை, பிறகுதான் வந்தது என்றும் சொன்னார்.

"பிறகு வந்ததோ? அது பிறக்கேக்கை வாறதெல்லோ?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

அப்பாவுக்கு அம்மாவைக் காப்பாற்றவேண்டிய கடமை வந்துவிட்டது. இது பயப்படுகிற விஷயமில்லை, தன்னுடைய தாய்க்கும் மூலம் இருந்தது, அவர் எண்பது தாண்டியும் நன்றாக இருந்தார் என்றார். மாப்பிள்ளையின் தாய் நெஞ்சில் கை வைத்து, அவருடைய மாமனார் எப்போது செத்தவர் என்று கேட்டார். கேள்வி ஏன் வந்ததென்று அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னார்: கலியாணம் முடித்த அடுத்த வருசம்.

மாப்பிள்ளையின் தாய் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஒரு பரிகாரமும் செய்யவில்லையோ என்று கேட்டார். செய்கிறோம், பிள்ளை ஒவ்வொரு நாளும் சுடுதண்ணீரில் இருக்கிறாள் என்றார் அம்மா.

"சுடுதண்ணியிலையோ? எந்தச் சாத்திரியார் சொன்னவர்?"

"சாத்திரியார் இல்லை. டொக்டர்."

எனக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கே பிழைத்தது என்றும் விளங்கியது. வெளியே போய்ச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் என்னவென்று சொல்வது? மாமனார் முன்னால், மாமியார் முன்னால், என்னுடைய எந்த இடத்தில் என்ன என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் மாப்பிள்ளையை இழந்துவிடுவேன். கதவின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அப்போது படலையடியிலிருந்து குரல் வந்தது.

"எந்த மூலத்தைக் கதைக்கிறியள்? நட்சத்திரத்தையோ, குண்டியையோ?"

அன்ரி பேசிக்கொண்டே உள்ளே வந்தார். நட்சத்திரம் தனக்குத் தெரியாது, அதை அக்கா சொல்லட்டும் என்றார். அம்மா மூக்கைத் துடைத்தபடி, பிள்ளை உத்தரமெல்லோ, சாதகத்தில் இருக்கிறதுதானே என்றார். "கேட்டியளோ? மற்றது வெடிப்பு. டொக்டர் பாத்துச் சொல்லேக்கை நான் திரைக்கு இஞ்சாலை நிண்டனான். இந்த வீட்டிலை ரெண்டு மூலமும் இல்லை" என்று அன்ரி முடித்தார். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. நிலம் வெடித்து என்னை உள்ளே எடுத்துக்கொண்டால் நல்லது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய் கையால் வாயைப் பொத்தினார். அவருக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் அதுவரை ஒரு சொல்லும் பேசாமலிருந்த தகப்பன், கதிரை நுனியிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்த வெடிப்புக்குக் காய்ச்சலும் வருமோ?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். டொக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன். வந்த பிறகு பேசிய குரல் என்னுடையதுதானா என்று இன்றைக்கும் சந்தேகம். கிட்டத்தட்ட அன்ரியின் குரல் அளவுக்கு இருந்தது.

"மாமா, எந்த நேரமும் விண்விண்ணெண்டு இடிக்குதோ? வீங்கியிருக்கோ?"

தலையை ஆட்டினார். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது கலியாணப் பேச்சிலேயே எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"அது வெடிப்பில்லை மாமா, மூலமுமில்லை. சீழ்க்கட்டியா இருக்கும். எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கேலாது, வெட்டி எடுக்கவேணும். ஒருநாளும் பிந்தக்கூடாது. இப்பவே போங்கோ."

"உவருக்கு மூலமெண்டெல்லோ நான் கரணைக்கிழங்கு அவிச்சுக் குடுக்கிறன்" என்று மாப்பிள்ளையின் தாய் தலையில் கை வைத்தார்.

"மூலமாம் மூலம். ஏறுங்கோ அண்ணை" என்றார் அன்ரி.

ஓட்டோ போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. தேத்தண்ணி ஒருவரும் குடிக்காமல் ஆறிப்போய் இருந்தது. கலியாணம் நடக்கும் என்றோ நடக்காது என்றோ யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஏறும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று நான் மத்தியானம் முழுக்க யோசித்தேன். அம்மா ஒழுங்கை முழுவதற்கும் கேட்டுவிட்டதே, இனி இவளை யார் கட்டுவான் என்று ஒருபக்கம் புலம்பினார். மாமனாருக்கு நேரே நின்று அந்தக் கேள்வியெல்லாம் கேட்ட மருமகளை எந்த வீட்டில் எடுப்பார்கள் என்றும் கேட்டார். மாப்பிள்ளையின் போனும் வரவில்லை. மாமாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று பிள்ளையாரை மன்றாடினேன். எனக்காகவும் சேர்த்துத்தான் மன்றாடினேன் என்பதைப் பிள்ளையாரும் அறிவார்.

இருள்கிற மைமல் நேரம், ஒழுங்கை முடக்கில் ஓட்டோவின் சத்தம் கேட்டது. ஓட்டோ வருமுன் குரல் வந்தது. அன்ரி ஓட்டோவை ஓடிக்கொண்டே சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, சீழ்க்கட்டிதானாம். ஆஸ்பத்திரியாலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, வெட்டிப்போட்டினம். இனிப் பயமில்லையாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மனுசன் தப்பியிரார் எண்டு டொக்டர்மார் சொன்னவை. மாமி அழுதவ. உம்மடை மூலத்தாலைதான் தன்ரை மனுசன் தப்பினது எண்டு சொல்லி அழுதவ. பொன்னுருக்கல் வைச்ச நாளிலையே வைக்கட்டாம். மாமாவுக்கு இருக்கேலாட்டில் நிண்டுகொண்டு பாப்பாராம்."

ஒழுங்கையில் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பக்கத்து வீட்டு அக்கா துருவலையும் கையுமாக வந்து நின்றார். அப்பா விறாந்தையில் எழும்பி நின்றார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா தெரியாது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. எனக்கும் ஒரு சொல் தவறாமல் கேட்டது.

நான் ஓடிப்போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விளங்கேல்லை அன்ரி" என்றேன். "இன்னொருக்கால் சொல்லுங்கோ."